இருபத்திரண்டு படிகள்

மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கான மருத்துவ முகாம் தாலுகா அலுவலக மாடியில் நடந்தது. லாரி மோதிக் கால்கள் விளங்காமல் போன தையற்காரி ஜெசிந்தா, போன முறை இருபத்திரண்டு படிகளையும் கைகளை ஊன்றியே ஏறிப் போனாள். "மாடி ஏறுகிறார், தகுதியில்லை" என்று டாக்டர் எழுதிவிட்டார். இந்த முறை கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். "மேல வாம்மா," என்றார் பியூன். "வந்தா இல்லைன்னு எழுதுவாரு. அவரை இங்க வரச் சொல்லுங்க." பாதி ஏறியிருந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மாடியில் டாக்டர் மட்டும் தன் மேசையோடு மிஞ்சினார். மதியத்துக்கு மேல் மேசை முதலில் இறங்கியது. அதன் பின்னால், ஒரு கையில் முத்திரையும் மறுகையில் கைப்பிடிச் சுவருமாக, முட்டிவலியில் முகம் சுளித்தபடி டாக்டர் ஒவ்வொரு படியாக வந்தார். ஜெசிந்தா அண்ணாந்து பார்த்தாள். "மெதுவா வாங்க சார். நாங்க எங்கயும் போயிட மாட்டோம்."