ஆறாவது படி

வாசல் வழியாக ஒரே சிவப்பாக நுழைந்தார்கள்.

நான் சொல்லியனுப்பியது ஐந்து நிறம். உடன்பிறந்த ஐந்து பேரின் வம்சத்துக்கும் தனித்தனி நிறத்தில் சட்டை. முதுகில் மராசிகான் குடும்பம் என்று எழுத்து. இத்தனை வருடத்தில் சட்டை விஷயத்தில் நான் தலையிட்டது இதுவே முதல் முறை.

அச்சுக்கடைக்காரன் மொத்தத்தையும் சிவப்பில் அடித்துக் கொடுத்துவிட்டானாம். கிறிஸ்துமஸ் நிறம்தானே என்று யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு அப்படி விட்டுவிட முடியவில்லை.

ஜூன் மாதத்திலிருந்து எனக்கு முகங்கள் தெரிவதில்லை. நிறம் தெரியும். ஆள் நிற்பது தெரியும். கண்ணும் மூக்கும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் புகை. போன பார்வை இனித் திரும்பாது என்று மணிலா டாக்டர் சொல்லிவிட்டார். அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

என் தம்பி எலாடியோ இரண்டு வருடமாக ஒரே பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறான். எல்லோரும் இந்த லிப்பா ஊருக்கு வருவது சிரமமாம். கடற்கரை விடுதி ஒன்றில் கூடிவிடலாமாம். பார்வை போன கிழவன் இவ்வளவு பெரிய மரவீட்டில் தனியாக இருப்பதா என்று அவன் ஒரு வார்த்தை கேட்டால் போதும். அப்பா கட்டிய வீட்டில் அறுபத்து மூன்று வருடமாகக் கூடும் குடும்பம் அடுத்த டிசம்பரில் ஏதோ ஒரு நீச்சல்குளத்தின் கரையில் நிற்கும்.

போன வாரம் நான் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, என்னைக் கேட்காமல், மாடிப்படி பதினான்கின் விளிம்பிலும் வெள்ளைக் கோடு அடித்துவிட்டுப் போயிருந்தான். அப்பா தானே நின்று அறுக்கவைத்த மரம். வீட்டை விற்பதற்குத்தான் அலங்காரம் பண்ணுகிறான் என்று எண்ணி, போனில் வாய்க்கு வந்தபடி திட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பன்றிக்குச் சொல்லியாச்சா என்றான். அது இன்னும் சந்தேகமாக இருந்தது.

இன்று காலையும், அந்தக் கோடுகளைப் பார்க்கப் பிடிக்காமல், தலையை நிமிர்த்தி, வழக்கம்போலப் பதினான்கு எண்ணித்தான் இறங்கினேன்.

அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து வலக்கையை நீட்டினேன். வரிசை தொடங்கியது.

பெரியவர் கையை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொள்வது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. பெயரைச் சொல்லி ஆசீர்வதிப்பது எங்கள் வீட்டு முறை. ஒரு கிறிஸ்துமஸில் அப்பா, அத்தையின் பேரனை வேறொருவன் பெயர் சொல்லி ஆசீர்வதித்துவிட்டார். அத்தை வீட்டார் ஒன்பது வருடம் இந்த வாசலை மிதிக்கவில்லை.

முதல் நெற்றி என் கையில் பட்டது.

"தாத்தா, நான் ரெனாட்டோ. லிகாயா பாட்டியோட பேரன்."

என் தங்கை லிகாயாவின் பேரன். மூச்சு வந்தது. தோள்வரை தொங்கும் முடி மட்டும் தெரிந்தது.

"கடவுள் ஆசீர்வதிக்கட்டும், ரெனாட்டோ. முடிய வெட்டுடா. பின்னாலேருந்து பாத்தா உன் பாட்டின்னு நெனச்சுக்குவாங்க."

கூடம் சிரித்தது.

"மாமா, நான் ஹெர்மினியா, துபாய்லேருந்து. போன வருஷம் வரலைன்னு திட்டணும்னா இப்பவே திட்டிடுங்க, சாப்பாட்டு மேசைல வேணாம்."

திட்டினேன். பெயர் சொல்லித்தான் திட்டினேன்.

அடுத்தவனும் பெயர் சொன்னான், அதற்கடுத்தவளும். இந்த வருடம் பிள்ளைகளுக்கு ஒழுங்கு வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எழுபது பேருக்கு மேல் கடந்தார்கள். ஒரு பிழை இல்லை.

பிறகு ஒரு சின்னக் கை என் விரல்களைப் பிடித்தது. நெற்றி பட்டது. குரல் வரவில்லை.

நான் காத்திருந்தேன். வரிசை நின்றது. யாரோ செருமினார்கள். நீ யார் என்று நான் கேட்கக் கூடாது. கேட்டால் எல்லாம் முடிந்தது.

"பேரைச் சொல்லுடி," என்று பின்னாலிருந்து ஒரு கிசுகிசுப்பு.

"அய்யோ, மறந்துட்டேன்! நான் பியாங். பேர் சொல்லாதவங்களுக்குப் பன்னித்தோல் கிடையாதுன்னு எலாடியோ தாத்தா வாசல்லயே சொன்னாரு. எனக்குத் தோல் உண்டா, இல்லியா?"

யாரோ அவள் வாயைப் பொத்தினார்கள். முற்றத்தில் பன்றி சுடும் கரி வெடிப்பது மட்டும் கேட்டது.

முதுகை நேராக்கிக்கொண்டேன்.

"கடவுள் ஆசீர்வதிக்கட்டும், பியாங். தோலும் உண்டு. மொறுமொறுன்னு ஒரு காதும் உண்டு. நான் சொன்னேன்னு போய்க் கேளு."

அவள் ஓடினாள். வரிசை நகர்ந்தது. எழுபது பேர் சேர்ந்து கட்டிக் காத்த ரகசியத்தை நான் ஒருவனே காப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பிடும்போது ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கடற்கரை விடுதியைப் பற்றி மருமகள் ஒருத்திதான் எடுத்தாள். எலாடியோ வாயில் சோற்றோடு மறித்தான்.

"அடுத்த வருஷமும் இங்கதான். அண்ணனோட நாற்காலி அவ்வளவு கனம். அதை எவன் கடற்கரைக்குத் தூக்கிட்டு அலையறது?"

சற்றுப் படுக்கலாம் என்று மாடிக்குக் கிளம்பினேன். இரண்டு படி தள்ளி அவன் காலடிச் சத்தம் தொடர்ந்தது. இந்த முறை தலையைக் குனிந்து ஏறினேன். கருத்த மரத்தின் மேல் வெள்ளை, ஒன்றன்பின் ஒன்றாக, நன்றாகத் தெரிந்தது.

ஆறாவது படியில் நின்றேன்.

"இங்க கோடு கோணலாப் போயிருக்கு."

அவன் ஒரு படி ஏறி வந்தான்.

"எல்லாத்தையும் நேராப் போட்டுட்டா, அப்புறம் நீங்க எதுக்குத்தான் என்னைத் திட்டுவீங்க, அண்ணே?"

மீதிப் படிகளை நான் எண்ணவில்லை.