பிளாட்டியாவின் ஓட்டு

"பிளாட்டியா... ஸ்பார்டா பக்கம்."

துவாரகா மைக்கில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த காமாக்ஷி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

ஆலன் என்கிற அமெரிக்க ஊரில், பள்ளிக்கூடத்துச் சரித்திர கிளப் நடத்திய போட்டி அது. ஒவ்வொரு பிள்ளையும் பழைய கிரேக்கத்தின் ஒரு நகரம். காமாக்ஷியின் மகள் மானஸா ஏதென்ஸ். க்ரிஷ் என்கிற பையன் ஸ்பார்டா. இருவரும் பேசி முடித்ததும், மற்ற நகரங்கள் யார் பக்கம் என்று ஓட்டுப் போட வேண்டும். நாலுக்கு நாலு சமமாக நின்றபோது, மிச்சம் இருந்தது பிளாட்டியாவாக வந்த துவாரகாவின் ஓட்டு ஒன்றுதான்.

ஜெயித்தவருக்கு அடுத்த வாரம் ஆஸ்டினில் மாநிலப் போட்டி. மூன்று நாள் பயணம்.

மானஸாவைக் காமாக்ஷி தனி ஆளாகத்தான் வளர்க்கிறாள். மூன்று வாரமாக ஆபீஸ் முடிந்து வந்து, கூடவே உட்கார்ந்து பேச்சைத் தயார் செய்திருந்தாள். எல்லாம் போயிற்று. அதுவும் கிண்டர்கார்டனிலிருந்து உயிர்த்தோழி என்று சொல்லிக்கொண்டவளால்!

பார்க்கிங்கில் துவாரகாவின் அம்மா தவமணிதேவி ஓடி வந்தாள்.

"காமாக்ஷி, எனக்கே ஒண்டும் விளங்கேல்லை. நேற்று வரைக்கும் ஏதென்ஸ், ஏதென்ஸ் எண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தவள்."

"இருங்க அக்கா, அவகிட்டயே கேட்கிறேன். ஏம்மா துவாரகா, க்ரிஷ் உனக்கு என்ன தர்றேன்னு சொன்னான்?"

"நத்திங், ஆன்ட்டி."

"அப்புறம் ஏன்? பிளாட்டியா சின்ன ஊரா இருந்தாலும் ஏதென்ஸைக் கைவிடவே இல்லைன்னு எங்க வீட்டு டேபிள்ல உட்கார்ந்து நீதானே படிச்சுக் காட்டினே? என் கையால எத்தனை நாள் சாப்பிட்டிருப்பே!"

கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று காமாக்ஷிக்கே தோன்றியது. ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

துவாரகாவின் கண்ணில் நீர் முட்டியது.

"ஸாரி, ஆன்ட்டி."

"வாயைத் திறந்து காரணத்தைச் சொல்லன், பிள்ளை!" என்று தவமணிதேவி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஐ காண்ட், அம்மா. ஐ ப்ராமிஸ்ட்."

"பார்த்தீங்களா அக்கா? அந்தப் பையனுக்கு ப்ராமிஸாம்! துவாரகா, இனிமே நீ எங்க வீட்டுப் பக்கமே வராதே."

"அம்மா, ஸ்டாப்!"

மானஸா மூச்சிரைக்க வந்து துவாரகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ப்ராமிஸ் எனக்குத்தான். ஐ ஆஸ்க்டு ஹர் டு. நான்தான் ஸ்பார்டாவுக்குப் போடச் சொன்னேன். அவ மாட்டேன்னு அழுதா, தெரியுமா?"

காமாக்ஷி மகள் பக்கம் திரும்பினாள்.

"பைத்தியமா உனக்கு? வேண்டாம்னா நீயே விலகியிருக்கலாமே!"

"விலகினா ஏன்னு கேட்டிருப்பே. காரணம் தெரிஞ்சா, என்னை எப்படியாவது ஆஸ்டினுக்கு அனுப்பி வச்சிருப்பே."

"அப்படி என்னடி காரணம்?"

தமிழில் கேட்டால் பாதி இங்கிலீஷிலேயே பதில் சொல்லிப் பழகிய மானஸா, இப்போது ஒரு இங்கிலீஷ் வாக்கியம்கூடக் கலக்காமல் சொன்னாள்.

"உன் ஃபோன்ல ஹாஸ்பிடல் மெசேஜைப் பார்த்துட்டேம்மா. நீ என்கிட்ட சொல்லவே இல்ல. நான் ஆஸ்டின் போயிட்டா, வியாழக்கிழமை ஆபரேஷன் முடிஞ்சு நீ கண்ணு முழிக்கும்போது பக்கத்துல யாரும்மா இருப்பா?"