காலித் தோட்டா விழும் இடம்

விசையை அழுத்தினார். துப்பாக்கி சும்மா இருந்தது.

குறியாக எறிந்த களிமண் தட்டு மட்டும் தன் பாட்டுக்குப் பறந்துபோய், தரையில் முழுசாக உட்கார்ந்தது.

"பூட்டு! பூட்டத் தள்ளுங்கன்னு எத்தனை தடவைங்க சொல்றது?"

பின்னால் மேஜர் சார்.

சொல்லியிருந்தார்தான். இந்தப் புதுத் துப்பாக்கி திறந்து மூடினால் தானாகவே பூட்டிக்கொள்ளும். கட்டைவிரலால் தள்ளிவிட்டால்தான் சுடும். அப்பா விட்டுப்போன பழையதற்கு இந்த நாசூக்கெல்லாம் கிடையாது.

பழையதில் இரண்டு குழல் பக்கத்தில் பக்கத்தில். இதில் ஒன்றின்மேல் ஒன்று. பழையதில் குழலுக்கொரு விசை. இதில் ஒன்றே ஒன்று. அதையே மறுபடி அழுத்த வேண்டும். முதல் வெடி தவறினால் இவர் விரல் முப்பது வருஷப் பழக்கத்தில் பின்னால் நகர்ந்து, இல்லாத விசையைத் துழாவும்.

அதற்குள் தட்டு ஊர் போய்ச் சேர்ந்திருக்கும்.

இன்று இருபத்தைந்துக்குப் பதினெட்டு உடைத்தால், கிளப் அணியில் கடைசி இடம் இவருக்கு. அறுபத்தொரு வயதில் முதல் மாநிலப் போட்டி. வீட்டில் பெட்டிகூடக் கட்டி வைத்தாகிவிட்டது.

ஐந்து தட்டு போயிருந்தது. உடைந்தது இரண்டு.

சுடுபவர் பின்னால் நின்று யாரும் பேசக்கூடாது என்று கிளப்பில் ஒரு விதி உண்டு. எழுதியவர் மேஜர் சார். ஆகவே அது அவரைக் கட்டாது. யார் சுட்டாலும் வலது தோளுக்கு ஓரடி பின்னால் அவர் இடம்.

மேஜர் பட்டம், கல்லூரி என்.சி.சி.யில் மூன்று வருஷம் கஞ்சி போட்ட காக்கி உடுத்தியதில் வந்தது. முதலில் அவராகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கிளப் செயலாளர் ஆனதும் எல்லோரும் சொன்னார்கள்.

"முழங்கையத் தூக்குங்க. கன்னத்த ஒட்டுங்க. மூச்சு, மூச்சு!"

மூச்சைப் பிடிப்பதா விடுவதா என்பது தெரியவில்லை.

ஆறாவது தட்டு கிளம்பியது. முதல் வெடி காற்றுக்கு. விரல் பின்னால் போகப் பார்த்தது. போகாமல், அதே விசையை இன்னொரு முறை இழுத்தது.

வானத்தில் ஆரஞ்சுப் பொடி.

சந்தோஷத்தில் சட்டென்று துப்பாக்கியைத் திறந்தார். அங்கேதான் தவறு.

பழையதில் காலித் தோட்டாவை நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும். இது தானே பின்னால் வீசும். பின்னால் ஒரு பெரிய மனிதர் நிற்கிறாரே என்று மூன்று வாரமாக உள்ளங்கையால் மூடித் திறந்துகொண்டிருந்தார். இப்போது மறந்துபோனார்.

ஒன்று தோளுக்கு மேலே போய் மண்ணில் விழுந்தது. இன்னொன்று மேஜர் சாரின் முறுக்கு மீசையில் பட்டு விழுந்தது.

"ஐயையோ, சார்! புதுசுங்க சார். இன்னும் பழகலீங்க சார்."

"பட்டாளத்துக்காரனுக்கு இதெல்லாம் தூசுங்க."

சொல்லிக்கொண்டே பட்டாளத்துக்காரர் ஓரடி பின்வாங்கினார்.

யோசனைகளும் ஓரடி தள்ளிப்போயின. 'முழங்கை' காதில் விழுந்தது. 'கன்னம்' விழவில்லை.

ஏழாவது தட்டு முதல் வெடியிலேயே உடைந்தது.

உள்ளங்கை வழக்கம்போல மூட வந்தது. பாதி வழியில் நின்றது.

டப்.

"ஐயோ, சார்!"

இந்த முறை வருத்தம் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது. இவருக்கே தெரிந்தது.

மேஜர் சார் இன்னும் இரண்டடி போனார். மதிப்பெண் எழுதும் பரிமளா, தாளிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்:

"சார், வேப்பமரத்தடியில சேர் போட்டிருக்கேனுங்க. அங்க வெயில் படாதுங்க."

அன்று எங்கேயும் வெயில் இல்லை.

எட்டாவது தட்டுக்கு மேஜர் சார் மரத்தடியில் இருந்தார். உதடு அசைந்தது. குரல் வந்து சேரவில்லை.

தட்டை எறியும் எந்திரத்தின் ஸ்பிரிங் கிறீச்சிடுவது கேட்டது. எங்கோ தவிட்டுக்குருவிகள் சண்டை போடுவது கேட்டது. தன் மூச்சு கேட்டது. அது போவதும் வருவதும் தானாகவே சரியாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

கட்டைவிரல் கேட்காமலே பூட்டைத் தள்ளியது. ஆள்காட்டி விரலுக்கு ஒரு விசை போதுமென்று ஆகிவிட்டது. இவ்வளவு நாள் முரண்டு பிடித்த துப்பாக்கி, தனியாக விட்டதும் தோளில் வந்து படுத்துக்கொண்டது.

இருபத்தைந்துக்குப் பத்தொன்பது.

மேஜர் சார் கைதட்டிக்கொண்டே வந்தார்.

"பாத்தீங்களா! முழங்கையத் தூக்குன்னு சொன்னதும் எப்படி உடையுது!"

எல்லோரும் ஆமாம் என்றார்கள். அணித் தாளில், 'மேஜர்' என்று முதலில் போட்டுப் பிறகு பெயரைப் போட்டு, கையெழுத்திட்டார்.

"ரொம்ப நன்றிங்க சார்" என்றார் இவர். பொய்யில்லை. இந்தக் காலையில் யாருக்கு வேண்டுமானாலும் நன்றி சொல்லலாம் போலிருந்தது.

மேஜர் சார் இவர் தோளில் கைபோட்டுத் தனியாக அழைத்துப்போனார்.

"ஒரே ஒரு குறைங்க. அந்தத் தோட்டா தெறிக்கிறது. கடையில குடுத்தா அஞ்சு நிமிஷத்துல நிறுத்திக் குடுத்துருவாங்க. போட்டிக்குள்ள சரி பண்ணிப்போடுங்க. அன்னிக்குப் பூரா உங்க பின்னாலயேதான் நிக்கப்போறேன்."

"ஆகட்டுங்க சார்."

குழலைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்தார். பெட்டியைக் காரில் வைத்தார்.

துப்பாக்கிக் கடை ரயில்வே கேட்டைத் தாண்டியதும் இடப்பக்கம். ஞாயிறென்றாலும் மதியம் வரை திறந்திருப்பார்கள்.

திறந்துதான் இருந்தது. கடைக்காரர் வாசலில் நின்றிருந்தார். காரை அடையாளம் கண்டு கையைத் தூக்கினார்.

இவரும் கையைத் தூக்கினார். இறக்கி, மூன்றாவது கியருக்கு மாற்றினார்.