பெட்டி இறக்கும் கல்

இடுப்பளவு கோதுமைக்கு நடுவே பாதை போனது. வகிடு எடுத்ததுபோல் நேராக.

அவர் வேலியோரமே நின்றுவிட்டார்.

"வாங்கப்பா. இது எல்லாருக்கும் உள்ள பாதை."

மகள் எஸ்தர் மரக்கதவைத் திறந்து பிடித்திருந்தாள். இங்கிலாந்தில் நர்ஸ் வேலை. அவளைப் பார்க்கத்தான் வந்திருந்தார்.

பச்சைக் குன்றுகள், கற்சுவர்கள், ஆடுகள். அடிவாரத்தில் ஊர் மொத்தமும் ஒரு கைப்பிடிதான். நடுவில் பழைய தேவாலயக் கோபுரம். இவ்வளவு அழகை வைத்துக்கொண்டு எப்படி இந்த ஊர் அலட்டிக்கொள்ளாமல் இருக்கிறது என்று காலையிலிருந்தே அவருக்கு வியப்பு.

நடந்தார்கள்.

எதிரே வயலோரமாக டிராக்டர் வந்தது. வயல்காரர்.

இவர் காலில் இருந்த செருப்பு கைக்கு வந்துவிட்டது. எப்போது கழற்றினார் என்று இவருக்கே தெரியவில்லை.

வயல்காரர் இறங்கி, தொப்பியைத் தொட்டு ஏதோ சொன்னார்.

"திட்டுறாராம்மா?"

"மன்னிப்புக் கேக்குறாருப்பா. ஓரத்துல பயிர் பாதையில சாஞ்சு கெடக்காம். வெட்டிவிட நேரம் கெடைக்கலையாம்."

டிராக்டர் போன பிறகும் அவர் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எஸ்தர் சொன்னாள். குன்றின் மேல் இருந்தவர்கள் இறந்தால், அந்தக் காலத்தில் பெட்டியை இந்த வழியாகத்தான் தேவாலயத்துக்குத் தூக்கி வருவார்களாம். வயல் எத்தனையோ கை மாறிவிட்டது. பாதையை யாரும் மறிக்கவில்லை.

போன ஐப்பசியில், ஊரில் அவருடைய அப்பா இறந்தார்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வயல்வழியில் வயல்காரர்கள் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். பெட்டியை அவரும் உறவுக்காரர்களும் வாய்க்காலில் இறங்கித்தான் தூக்கிப்போனார்கள். மார்பளவு தண்ணீர். கால் வழுக்கியது. கீழே வைத்து மூச்சு வாங்கக்கூட இடமில்லை.

அவருடைய வலது தோள் இன்னும் வலிக்கிறது. எந்தத் தைலத்துக்கும் அடங்கவில்லை.

பாதை திரும்பும் இடத்தில், பாசி படர்ந்த நீளமான கல் ஒன்று கிடந்தது.

"இது எதுக்கு?"

"தூக்கிட்டு வர்றவங்க பெட்டியை எறக்கி வச்சு எளைப்பாற."

அவர் கல்லைத் தடவினார். விளிம்பு தேய்ந்து வழவழவென்றிருந்தது. பிணத்துக்கு வழி விட்டதோடு, தூக்குகிறவன் தோளையும் நினைத்திருக்கிறார்கள். மகராசன்கள். கண் கலங்கியது. அவர் துடைக்கவில்லை.

செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டார்.

கல்லுக்குப் பக்கத்தில் நின்று, வலது தோளை மெல்லத் தாழ்த்தினார்.

"அந்தப் பக்கம் நீ புடிம்மா."

எஸ்தர் கைப்பையைப் புல்லில் வைத்தாள்.