இணைப்புக் கேட்கும் மணி

யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்திக்கொள்ளலாம் என்று தமயந்தி திறந்துவிட்டிருந்த மென்பொருளில்தான் பலர் சர்க்யூட் போர்டு வரைகிறார்கள். அதைப் பற்றி ஒரு புகார் வந்திருந்தது. எல்லாக் கம்பியும் இழுத்தாயிற்று, ஆனாலும் ஓர் இணைப்பு பாக்கி என்றே காட்டுகிறது. மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று போர்டை விட்டு வெளியே ஓடுகிறது. அதற்குக் கீழே வேறொருவர், "அது அப்படித்தாங்க. நாலு வருஷமா ஓடுது. கண்டுக்காதீங்க" என்று எழுதியிருந்தார்.

தமயந்தி திரையில் அந்தக் கோட்டின் பின்னாலேயே போனாள். போர்டு சுருங்கிச் சுருங்கி ஒரு புள்ளியாகிவிட்ட தூரத்தில், கோட்டின் முனையில், ஒரு சின்ன மணியின் குறி உட்கார்ந்திருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. படுக்கையில் கிடந்த அப்பா பட்டனை அழுத்தினால் இவள் அறையில் ஒலிப்பதற்காக, முதன்முதலாக வரைந்த போர்டின் மணி. போர்டு செய்து வருவதற்குள் அவர் போய்விட்டார். அந்தக் கோப்பையே எல்லோரும் வரையத் தொடங்கும் வெற்றுத் தாளாக்கியபோது பட்டனை அழித்தவள், ஓரமாகத் தள்ளிவைத்திருந்த மணியை மறந்திருக்கிறாள். புதிதாகப் போர்டு வரைகிற ஒவ்வொருவரிடமும் அது இணைப்புக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

"ஒரு டெலீட்தானே அக்கா, தூக்கிடுங்க," என்றான் கூட வேலை செய்யும் ஃபைசல், போனில்.

தமயந்தி மணியைத் தேர்ந்தெடுத்து விரலை விசைமேல் வைத்தாள்.

"போச்சா?"

"கொஞ்சம் இரு," என்றாள். அவள் முகம் அப்பாவின் அறைப் பக்கம் திரும்பியிருந்தது.