ஒரு சாண் மிச்சம்

“இன்னும் வேகமா அடி! பாவம் பாக்காத, கதவு மூலையைக் குறிவச்சு அடி!”

கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்திருந்த கணவர் கத்தினார். வெளியே அவர் மனைவி தோட்டத்துக் குழாயைத் தூக்கிப் பிடித்து, முப்பது வருஷக் கோபத்தையும் ஒரே நாளில் தீர்த்துக்கொள்கிறவள் மாதிரி தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டே நிமிஷம். கதவைத் திறந்துகொண்டு மனிதர் இறங்கினார். இடது தோள் தொப்பலாக நனைந்திருந்தது. மூக்கு நுனியில் ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

“மறுபடியும் ஒழுகுது. அதே மூலை!”

“அட கடவுளே!” மனைவி குழாயைப் போட்டுவிட்டு ஓடிவந்து முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள். “ரெண்டாவது செட்டும் போச்சா? நான் எப்பத்தாங்க இந்தக் கார்ல ஏறி நாலு தெரு சுத்தப்போறேன்?”

கார் அவரைவிடப் பத்து வயதுதான் இளையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அதற்கு இன்ஜின், பெயின்ட், சீட் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்து புதுப்பெண் மாதிரி ஆக்கிவிட்டார். பாக்கி இருந்தது கதவைச் சுற்றி ஒட்டுகிற ரப்பர் மட்டும்தான். அது ஒட்டிய அன்றைக்கு ஒரு சொட்டு விடாது. இரண்டு நாள் வெயிலில் நின்றால் போதும், மூலையில் ஒழுக ஆரம்பித்துவிடும். ஒழுகுவது நிற்கிற வரைக்கும் வண்டியைத் தெருவில் இறக்குவதில்லை என்று அவர் சபதமே போட்டிருந்தார்.

ரப்பர் விற்ற கடைக்காரரோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. முதல் செட் ஒழுகியபோதே போனில், “நீ விக்கறது ரப்பரா, அறுந்த செருப்பு வாரா?” என்று கேட்டுவிட்டார். அந்தப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. அன்றிலிருந்து தூது போவது மனைவிதான். ஆர்டர் சொல்வதும் அவளே, எப்படி ஒட்டுவது என்று கேட்டு வந்து சொல்வதும் அவளே.

மூன்றாவது செட் வந்து இறங்கியது.

“என்ன சொன்னான் அந்த மகானுபாவன்?”

“போன தடவை சொன்னதேதாங்க. நல்லா விறைப்பா இழுத்து ஒட்டணுமாம். துளிகூடத் தொய்வு இருக்கக்கூடாதாம்.”

பழைய பசையைச் சுரண்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, புதுப் பசை தடவினார்கள். அவர் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வர, மனைவி மறு நுனியைப் பிடித்துக்கொண்டு, காலை ஊன்றி, கயிறு இழுக்கும் போட்டியில் நிற்பவள் மாதிரி நின்றாள்.

“விட்டுடாதம்மா!”

“நானா? உயிரே போனாலும் விடமாட்டேன்.”

ஒவ்வொரு கதவுக்கும் கடைக்காரர் அளந்து வெட்டித்தான் அனுப்பியிருந்தார். ஆனால் ஒவ்வொரு கதவிலும் ஒரு சாண் மிச்சமானது. அதைக் கத்தரித்து எறியும்போதெல்லாம் கணவருக்கு ஏக குஷி.

“பாத்தியா லட்சணத்தை? ஒழுங்கா ஒரு அளவு எடுக்கத் தெரியல. இவனெல்லாம் கடை வச்சிருக்கான்!”

“அதானே!” என்றாள் மனைவி.

நாலாவது கதவுக்கு வந்தபோது அவருக்கு மனசு இளகிவிட்டது. “இது மட்டும் நின்னுடட்டும், வண்டி வேலை முடிஞ்சுது. அடுத்தது உன் சமையலறைதான். வண்டி பெயின்ட் காஞ்ச வாரத்துல அங்க பாதிதானே முடிச்சேன்?”

தொழிற்சாலையில் முப்பது வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவர். அந்த ஒரு வாரத்தில் டப்பாக்களுக்கெல்லாம் நம்பர் ஒட்டி, குக்கர் விசிலைக் கடிகாரம் வைத்துக் குறித்து, நறுக்கிய வெங்காயம் ஒரே அளவில் இல்லையென்று ஸ்கேல் வைத்துக் காட்டித் திருப்பி அனுப்பியிருந்தார். உப்பு டப்பா எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

“உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்?”

“என்ன பெரிய சிரமம்? உனக்காக இதுகூடச் செய்யமாட்டேனா?”

மனைவி ரப்பர் நுனியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் மறுபடியும் தண்ணீர்ச் சோதனை. கால் மணி நேரம் அடித்துத் தீர்த்தாள். கணவர் வாயெல்லாம் பல்லாக இறங்கிவந்தார். சட்டை மடிப்புக்கூடக் கலையவில்லை.

“ஒரு சொட்டு இல்ல! ரெண்டு நாள் வெயில்ல நின்னு காயட்டும். திங்கட்கிழமை காலையில கார்ல ஒரு ரவுண்டு, பத்து மணிக்குச் சமையலறையில ஆஜர்!”

அளவு நாடாவை எடுத்துப் போய் சமையலறை அலமாரிகளை ஒருமுறை அளந்து வைத்துக்கொண்ட பிறகுதான் அவர் குளிக்கப் போனார். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டதும் மனைவி போனை எடுத்தாள்.

“என்னம்மா, இந்தத் தடவையாவது இழுக்காம ஒட்டினீங்களா?” கடைக்காரர் எடுத்ததுமே கேட்டார். “இழுத்து ஒட்டினா ரெண்டே நாள்ல சுருங்கி மூலையில வாயைப் பிளந்துடும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா!”

மனைவி குளியலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“சுருங்கட்டும்ணே. திங்கட்கிழமைக்கு இன்னொரு செட் எடுத்து வைங்க.”