முப்பது இலை

மத்தியான வெயில். திண்டிவனம் ரோட்டோர ஓட்டலில் முப்பது இலை விரித்துத் தண்ணீர் தெளித்திருக்கிறது. பசியோடு வந்த இரண்டு மல்லாட்டை (நிலக்கடலை) வியாபாரிகளை, "பஸ்ஸுக்குப் போட்ட இலைங்க, அப்பறமா வாங்க" என்று முதலாளி பெரியதம்பி திருப்பி அனுப்புகிறார். தனி மேஜையில் டிரைவருக்கான ஓசிச் சாப்பாடு, வறுத்த மீனோடு மூடியிருக்கிறது. அதற்காகத்தான் பதினோரு வருஷமாக பஸ் இங்கே நிற்கிறது. விழுப்புரம் பக்கமிருந்து ஆரன் கேட்கிறது. பரிமாறும் அம்சா சோற்றுக் கூடையோடு ஓடி வருகிறாள். பஸ் வேகம் குறையவில்லை. ஜன்னல்தோறும் வெற்றிலை மெல்லும் வாய்கள். எங்கேயோ சாப்பிட்டு முடித்தவர்கள். டிரைவர் வழக்கம்போல் கையைத் தூக்குகிறார். "நம்ம வண்டிதானங்க அது? நிக்காம போய்க்கினு இருக்குதே!" என்கிறாள் அம்சா. பதிலுக்குத் தூக்கிய கையைப் பெரியதம்பி இன்னும் இறக்கவில்லை. புழுதி வந்து முப்பது இலையிலும் உட்காருகிறது.